ஓர்கனுக்குள் மகள்

மொன்றியலில் நான் முதலில் கற்றுக்கொண்டது, கையுறையோடு ஒருவருடைய நாடியைப் பிடித்துப் பார்க்க முடியாது என்பது. விமான நிலைய வாசலில் டிலானி என்னைக் கட்டிப்பிடித்தபோது என் விரல்கள் அவளுடைய மணிக்கட்டைத்தான் தேடின. அகப்பட்டது தடித்த கம்பளி மட்டும்.

“அப்பா, பெட்டி நல்லா வேலை செய்யுது. முதல்ல உங்கட கோட்டைப் பூட்டுங்கோ.”

பெட்டி என்று அவள் சொல்வது, இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்திருக்கும் பேஸ்மேக்கரை. இலையுதிர்காலத்தில் ஒருநாள், அவள் வசிக்கும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பஸ்ஸுக்குக் காத்துநின்ற என் மகளின் இதயம் அடிக்க மறந்துவிட்டது. மயங்கி விழுந்தாள். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போது நான் மன்னாரில், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சீனி வருத்தக்காரருக்குக் குளிசை கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கத்தில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. “அண்ணை, பயப்படாதேங்கோ. உங்கட மகள் கண் முழிச்சிட்டா” என்றது ஒரு குரல். கண் மூடியதே எனக்குத் தெரியாது. அந்த வசனத்தைப் பின்னாலிருந்து முன்னாலே விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மருந்தாளராக இருப்பதில் ஒரு கேடு உண்டு. ஒன்றும் தெரியாதவன் கடவுளை நம்புவான், எல்லாம் தெரிந்தவன் மருத்துவரை நம்புவான். எனக்குப் பாதிதான் தெரியும்.

விசா எனக்கு மட்டும்தான் கிடைத்தது. அதற்குள் சத்திரசிகிச்சை முடிந்து, காயம் ஆறி, பனி கொட்டத் தொடங்கி, மாதங்கள் போய்விட்டன. புறப்படும்போது என் மனைவி ஸ்டெல்லா மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் பெட்டியில் அடுக்கியபடி சொன்னது ஒன்றே ஒன்றுதான். “போய்ப் பார்க்கிறதுக்கு இல்லை, கூட்டிக்கொண்டு வாறதுக்கு. விளங்கிச்சோ?”

விளங்கியது. எனக்கும் அதுதான் எண்ணம். அதை மகளிடம் எப்போது சொல்வது என்பதில்தான் எனக்குத் தைரியம் போதவில்லை.

மறுநாள் கோட்-டெ-நெய்ஜில் அவளுடைய அறையிலிருந்து பஸ் ஏறினோம். என் பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி என் நெஞ்சைச் சுட்டிக்காட்டி பிரெஞ்சில் ஏதோ அதட்டினார். நான் ஏதும் பிழையாக உட்கார்ந்துவிட்டேனோ என்று எழும்பப் போனேன்.

“கோட் திறந்திருக்காம். இந்தக் குளிர் நெஞ்சுக்குக் கூடாதாம். மூடச் சொல்லுறா” என்றாள் டிலானி. பிறகு சிரித்தாள். “ஊருக்கு ஒரு அப்பா போதாதெண்டு இஞ்சயும் ஆக்கள் இருக்கினம்.”

நான் கோட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினேன். அந்தப் பெண்மணி, நல்லது என்பதற்குப் பிரெஞ்சில் “பொன்” என்று சொல்லித் தலையசைத்தார். பாஷை தெரியாமலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அன்று மத்தியானம் ரவியைச் சந்தித்தோம். எனக்குத் தொலைபேசியில் கேட்ட குரல் அவருடையதுதான். திருகோணமலைக்காரர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிற வேலை. நன்றி சொல்வதற்காக நான் விமானத்திலேயே நாலு வசனம் யோசித்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. முதலில் சாப்பிடுவோம் என்று இழுத்துக்கொண்டு போனார்.

பூட்டின் என்று ஒரு பதார்த்தம் வாங்கித் தந்தார். உருளைக்கிழங்குப் பொரியல், அதன் மேலே வெள்ளைச் சீஸ் கட்டிகள், அதன் மேலே சுடச்சுட மண்ணிறக் குழம்பு. சீஸ் பல்லில் கீச்சுக் கீச்சென்று சத்தமிட்டது. நான் உப்பைத்தான் நினைத்தேன்.

“மகள், உனக்கு இது ஒத்துவருமோ?” என்று கேட்டேன்.

“அண்ணை, இவவுக்கு இல்லை, உங்களுக்குத்தான் ஒத்துவராது” என்றார் ரவி. “இவ கண் முழிச்சவுடனே என்ன கேட்டவ தெரியுமோ? அம்மா எண்டு கேக்கேல்லை, அப்பா எண்டும் கேக்கேல்லை. ‘என்ர சுத்தியல் எங்க?’ எண்டு கேட்டவ. ஆம்புலன்ஸில கொண்டுவரேக்க கையில ஒரு சின்னச் சுத்தியல். ஒருத்தராலயும் அதைப் பறிக்க ஏலாமல் போச்சுது.”

டிலானிக்கு முகம் சிவந்துவிட்டது. “அது வேலைச் சுத்தியல். தொலைஞ்சா லூயிஸ் என்னைக் கொன்டுபோடுவா.”

என் மகளுடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சினியருக்குப் படிக்கத்தான் வந்தாள். படித்தும் முடித்தாள். பிறகு ஒருநாள், கத்தோலிக்கக் கோயில்களில் இருக்கும் பெரிய குழல் ஓர்கன்களைத் திருத்துகிற, சுருதி சேர்க்கிற ஒரு சிறு பட்டறையில் சேர்ந்துவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னாள். லூயிஸ் என்ற கெபெக் பெண்மணியின் பட்டறை அது. “இவ்வளவு செலவழிச்சுப் படிப்பிச்சது, கோயில் அலுமாரிக்குள்ள பூந்து தூசி தட்டவோ?” என்று ஸ்டெல்லா ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் கோயிலில் ஓர்கன் என்றால் மேசையில் வைத்து வாசிக்கிற கீபோர்ட். கரண்ட் போனால் பாடகர் குழு வெறும் தொண்டையோடு நிற்கும். அதற்குள் ஒரு ஆள் புகுந்து வேலை செய்யலாம் என்பதே எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் முதல்முறையாக வேலைக்குத் திரும்பப் போகிறாள் என்பதை ரவியின் முன்னால்தான் சொன்னாள். நான் கோபப்பட முடியாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

“டொக்டர் என்ன சொன்னவர்?”

“போகச் சொன்னவர்.”

“மோட்டர் இருக்குமே அங்க. காத்து ஊதுற மோட்டர். பேஸ்மேக்கருக்குக் கிட்ட மோட்டர் கூடாது.”

“மோட்டர் கீழ, தனி அறையில. நான் மேல. அதையும் டொக்டரிட்டக் கேட்டாச்சு. நீங்களும் வேணுமெண்டா என்னோட வாங்கோ, வந்து பாருங்கோ.”

வேறென்ன, போனேன்.

போகிற வழியிலேயே என்னைத் தொலைத்தாள். அல்லது நான் அவளைத் தொலைத்தேன். நகர மையத்தில் மெட்ரோவில் இருந்து இறங்கும்போது எனக்கு முன்னால் ஒரு தள்ளுவண்டிக் குழந்தை. தாய்க்கு வண்டியைத் தூக்க நான் கை கொடுத்தேன். வண்டியும் தாயும் நானும் பிளாட்பாரத்தில் நிற்க, கதவு மூடிக்கொண்டது. டிலானி உள்ளே. கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கையைக் காட்டி, அங்கேயே நில்லுங்கோ என்றாள். ரயில் அவளைக் கொண்டு போய்விட்டது. ரப்பர்ச் சில்லுகளில் ஓடுகிற ரயில் அது, போகிற சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

அங்கேயே நிற்க வேண்டும் என்பது எனக்கு முழுமையாக விளங்கியிருந்தது. ஆனால் அடுத்த ரயில் வந்தவுடன் நான் ஏறிவிட்டேன். அவள் அடுத்த நிலையத்தில் தனியே நிற்பாள், விழுந்தால் யார் தூக்குவது என்ற ஒரே எண்ணம். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவள் என்னைத் தேடி எதிர்ப்பக்க ரயிலில் திரும்பிப் போயிருந்தாள். பிறகு அவள் வந்தாள், நான் போனேன். கடைசியில் ஒரு நிலையப் பணியாளர் என்னைக் கையைப் பிடித்து ஒரு கதிரையில் இருத்தி, இனி எழும்பக் கூடாது என்று சைகை காட்டினார்.

டிலானி வந்தபோது மூச்சிரைத்தாள். அதைப் பார்த்து எனக்கு மூச்சு நின்றது.

“நில்லுங்கோ எண்டனான் எல்லே, அப்பா?”

“ஓம்.”

“பேந்து ஏன் ஏறினனீங்கள்?”

பதில் அவளுக்கும் தெரியும். என் கோட்டின் சிப்பை மேலே இழுத்துவிட்டு நடந்தாள்.

கோயில் கடைத்தெருவுக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் நடுவே ஒதுங்கி நின்றது. வெளியே பனியைப் பார்த்தால் சாம்பல் குவித்தது போல. உள்ளே நுழைந்ததும் மெழுகும் ஈரமும் பழைய மரமும் கலந்த மணம். பீடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் முழந்தாளிட்டு எழும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் அதைக் கண்டேன்.

வாசலுக்கு மேலே, மாடத்தை நிறைத்துக்கொண்டு, ஒரு அரண்மனை முகப்பைப் போல நின்றது அந்த ஓர்கன். பழைய ஐரோப்பியப் பரோக் பாணியில் செய்தது. இருண்ட மரத்தில் கொடிகளும் பழங்களும் செதுக்கி, பொன் பூசி, உச்சியில் கன்னம் உப்பிய, சிறகு முளைத்த சம்மனசுகள் எக்காளம் ஊதிக்கொண்டிருந்தன. நடுவே ஈயநிறக் குழல்கள், நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும். வாசிக்கிறவர் எங்கே இருப்பார் என்று தேடினேன். தெரியவில்லை. மாடத்தின் விளிம்பில் இன்னொரு குட்டி ஓர்கன் தொங்கி, அவரை முழுமையாக மறைத்துவிடுகிறது.

லூயிஸ் படியடியில் நின்றார். என் வயது இருக்கும், சின்ன உருவம், கழுத்தில் மூக்குக்கண்ணாடி. என் கையைக் குலுக்கிவிட்டு மகளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். டிலானி மொழிபெயர்த்தாள்: “நாளைக்கு இஞ்ச கச்சேரி. ஒரு ஸ்வரம் பிடிச்சுக்கொண்டு விடுகுதில்லை. உள்ளுக்கு உலோக நாக்கு இருக்கிற குழல்களும் சுருதி விட்டுட்டுது. உங்களைக் கீழ இருந்து செபம் சொல்லச் சொல்லுறா.”

இருவரும் வளைந்து செல்லும் குறுகிய படியில் ஏறி மறைந்தார்கள். நான் நடுவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பீடத்தில் இருக்கும் நற்கருணைக்கு முதுகைக் காட்டி ஒருவரும் உட்காருவதில்லை. ஆகவே பீடத்தைப் பார்த்தபடி இருந்தேன். மகள் எனக்குப் பின்னால், மேலே, எங்கோ.

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். இரண்டு பெண்களின் பேச்சு. பிறகு ஒரு ஸ்வரம் ஒலித்தது. நான் அது முடியும் என்று காத்திருந்தேன். முடியவில்லை. மனிதன் என்றால் மூச்சு எடுக்க வேண்டும். இது எடுக்கவில்லை. அதே உயரம், அதே அழுத்தம், ஒரு அசைவும் இல்லை. பேச்சுச் சத்தமும் நின்றுவிட்டது.

வாசிக்கிற கட்டையில் கை வைத்தபடியே விழுந்துவிட்டாள் என்று எனக்குள் ஒன்று சொன்னது.

“டிலானி” என்று கூப்பிட்டேன். அந்த ஸ்வரம் என் குரலை விழுங்கிவிட்டது. பீடம், முதுகு எதுவும் நினைவில்லை. ஓடினேன். கோட்டோடும் பனிச் சப்பாத்தோடும் அந்தப் படியில் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. மேலே வந்தால், வாசிக்கும் ஆசனம் வெறுமையாக இருந்தது. கட்டைகளில் ஒரு கையும் இல்லை. ஸ்வரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஓர்கனின் அடிப்பலகை ஒன்று கழற்றியிருக்க, அந்த ஓட்டைக்குள் இருந்து என் மகளின் கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன.

நான் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளே ஒரு அலறல். தலை மரத்தில் இடிக்கிற சத்தம். அதே கணத்தில் ஸ்வரம் நின்றது.

முகம் முழுக்கத் தூசியோடு டிலானி பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தாள். கையில் ஒரு டோர்ச். “ஆர்? அப்பாவோ?”

ஓர்கனின் மறுபக்கத்தில் இருந்து லூயிஸ் எட்டிப் பார்த்தார். நின்றுபோன ஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என்னை நோக்கி விரலை உயர்த்தி ஒரு வசனம் சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

“நீங்கதான் திருத்தினீங்களாம்” என்றாள் டிலானி. அவள் சிரிக்கவில்லை. “குளிருக்குள்ள ஹீற்றர் போட்டு மரம் காய்ஞ்சுபோச்சு. கட்டையில இருந்து உள்ளுக்குப் போற மெல்லிய மரச்சட்டம் ஒண்டு இறுகினா, காத்துக் கதவு மூடாது. ஸ்வரம் நிக்காது. அதைத்தான் பிடிச்சு ஆட்டிக்கொண்டிருந்தனான், நீங்கள் இழுத்த இழுவையில விட்டுட்டுது.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றி, மணிக்கட்டை என் விரல்களுக்குள் வைத்தாள்.

“பாருங்கோ. ஆசை தீரப் பாருங்கோ.”

பார்த்தேன். ஒழுங்காக அடித்தது.

“அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித்தான் உங்களை அனுப்பினவ எண்டு எனக்குத் தெரியும்” என்றாள். “எனக்கு மட்டும் பயம் இல்லையோ, அப்பா? பஸ்ஸுக்கு நிக்கேக்க ஒவ்வொரு நாளும் கம்பத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். ஆனா இதுக்குள்ள போனா மறந்துபோடுவன். டொக்டர் என்னை விட்டுட்டார். நீங்கதான் இன்னும் விடேல்லை. விழுந்தா லூயிஸ் இருக்கிறா.”

அவள் சொல்லி முடிக்கவும் தெருவில் ஒரு சங்கு ஊதியது. பனி அள்ளும் இயந்திரங்கள் வருகின்றன, வாகனங்களை எடுங்கள், எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போவோம் என்பதற்கான அறிவிப்பு. லூயிஸின் வான் வாசலில் நின்றது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, பீடத்தை நோக்கிச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, ஆசனத்தைக் காட்டி, சுட்டுவிரலால் ஒரு கட்டையை அழுத்துவதாக நடித்துக் காட்டிவிட்டுப் படியில் இறங்கி ஓடிவிட்டார்.

டிலானியை விட்டால் இப்போது நான் மட்டும்தான்.

“உள்ளுக்கு ஒருத்தர் குழலைச் சரிபார்க்கேக்க, வெளியில ஒருத்தர் கட்டையைப் பிடிச்சுக்கொண்டிருக்க வேணும்” என்றாள். “நான் ‘அடுத்தது’ எண்டு சொன்னா அடுத்த கட்டைக்குப் போங்கோ. சொல்லும்வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. நடக்கக் கூடாது, கதைக்கவும் கூடாது. எனக்குக் காது கேக்க வேணும்.”

“எவ்வளவு நேரம்?”

“அது குழலைப் பொறுத்தது.”

ஆசனத்தில் ஏறினேன். எங்கள் கீபோர்டில் வெள்ளையாக இருக்கும் கட்டைகள் இதில் கறுப்பாகவும் கறுப்பாக இருப்பவை வெள்ளையாகவும் இருந்தன. கண் உயரத்தில் ஒரு சிறிய கண்ணாடி மாட்டியிருந்தது. பூசை நேரத்தில் சுவாமியாரைப் பார்ப்பதற்காம். அதற்குள், எனக்குப் பின்னால் வெகு தூரத்தில் சிவப்பு விளக்குத் தெரிந்தது. முதுகைக் காட்டிவிட்டேன் என்ற உறுத்தல் கொஞ்சம் குறைந்தது.

டிலானி குழல் வரிசைகளைத் திறந்துவிடும் மரப்பிடிகள் இரண்டை வெளியே இழுத்துவிட்டாள். அதில் ஒரு குழல் வரிசைக்கு மனிதக் குரல் என்று பெயர். அவள் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பக்கமாய்ச் சரிந்து, உள்ளே நுழைந்தாள். முதலில் தோள், பிறகு பின்னல், கடைசியில் சப்பாத்து. அவ்வளவுதான். மகள் போய்விட்டாள்.

முதல் கட்டையை அழுத்தினேன். ஒரு ஆட்டுக்குட்டி கத்துவது போலக் கேட்டது.

“மனிசக் குரல் எண்டாய்?”

“எல்லாரும் ஆடு எண்டுதான் சொல்லுறவை. கதைக்காதேங்கோ.”

உற்றுக் கேட்டால் அந்தச் சத்தத்துக்குள் ஒரு துடிப்பு இருந்தது. வவ், வவ், வவ் என்று. சுருதி சேராத இரண்டு குழல்கள் ஒன்றையொன்று தள்ளுகிற அலை அது என்று அவள் எனக்கு முன்பு ஒருமுறை தொலைபேசியில் விளக்கியிருக்கிறாள். உள்ளே அவளுடைய சிறிய சுத்தியல் ஒரு கம்பியை டிக், டிக் என்று தட்டியது. துடிப்பு மெதுவாகியது. இன்னும் மெதுவாகியது. பிறகு நின்றது. அதன் பின்னே அந்த ஆட்டுக்குட்டி உண்மையாகவே ஒரு மனிதனைப் போல, தெளிவாகப் பாடியது.

“அடுத்தது.”

நான் விரலை நகர்த்தினேன். வவ், வவ். டிக். மெதுவாகி, நின்றது. “அடுத்தது.” ஒரு துடிப்பு மெதுவாவதையும் நிற்பதையும் கேட்டுக்கொண்டு அசையாமல் இருப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அவளுக்கோ அது நின்றால்தான் சரி. ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்து அவளுடைய குரல் வந்தது.

சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. ஸ்டெல்லாதான், வேறு யார். அதிர்ந்து ஓயட்டும் என்று விட்டேன்.

நடுவில் ஒரு கட்டை. துடிப்பு கடுமையாக இருந்தது. டிக், டிக், டிக். மெதுவாகியது. நின்றது. ஸ்வரம் நேராகப் போனது. நான் அவளுடைய குரலுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

ஸ்வரம் போய்க்கொண்டே இருந்தது. சுத்தியல் சத்தமும் இல்லை. கதவு எனக்கு ஒரு எட்டுத் தூரத்தில் இருந்தது. கூப்பிட்டால் அவளுடைய காது கெடும். எழும்பினால் விரல் எடுபடும். மெட்ரோக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் காட்டிய உள்ளங்கை எனக்குத் தெரிந்தது. முன்னால் கண்ணாடியில் சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. நான் ஆசனத்தின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கை விரலை அந்தக் கட்டையிலேயே வைத்திருந்தேன். விரல் நுனி வெளுத்துப்போனது. எடுக்கவில்லை.

உள்ளே பெரிதாக ஒரு தும்மல் கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னொன்று.

“தூசி” என்றாள் என் மகள், மூக்கடைத்த குரலில். “அடுத்தது.”

லூயிஸ் திரும்பி வந்தபோது நாங்கள் கடைசிக் கட்டைகளில் இருந்தோம். வானுக்கு இடம் கிடைக்காமல் எங்கோ நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார், கண் இமையிலும் பனி. அவர் என்னை எழுப்பவில்லை. என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். உள்ளே இருந்து குரல் வந்தபோது, “அ-து-த்-தது” என்று தானும் சொல்லிப் பார்த்து, ‘சரியா?’ என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். நான் சரி என்று தலையசைத்தேன். கதைக்கக் கூடாதல்லவா.

வெளியே வந்து, பனி அள்ளிப்போன வெறுந்தெருவில் நின்று ஸ்டெல்லாவுக்கு எடுத்தேன். டிலானி கருவிப் பையோடு கொஞ்சம் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நான் எட்டிப் பிடிக்கவில்லை.

“என்னப்பா, போன் எடுக்காமல்? பிள்ளை எங்க?”

“முன்னால போறாள்.”

“கதைச்சனீங்களோ? எப்ப ரெண்டு பேரும் வாறீங்கள்?”

“ஸ்டெல்லா, நான் மட்டும் வாறன்.”

நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். கடைசியில் ஸ்டெல்லாவுடைய குரல் வந்தது.

“அவள் மத்தியானம் சாப்பிட்டவளோ?”